கிரீப்னிட்ஸே நிலையம்: பொட்ஸ்டாமுக்குப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெர்லினிலிருந்து தென்மேற்காகப் போகும் எஸ்7 புறநகர் ரயிலில் வான்ஸேயைத் தாண்டினால் அடுத்த நிறுத்தம் கிரீப்னிட்ஸே. காட்டோரத்தில், ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நிலையம். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிக்காமல் பொட்ஸ்டாம் அரண்மனைகளைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆனால் பொட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் சட்டம், பொருளாதாரம், சமூக அறிவியல் படிக்க வருகிறவர்களும், ஹாஸோ பிளாட்னர் இன்ஸ்டிட்யூட்டில் கணினித் துறையில் சேருகிறவர்களும் இந்த நிலையத்தில்தான் இறங்கியாக வேண்டும். அடுத்த இரண்டு வருடம் தினமும் கால் வைக்கப் போகும் இடம் என்பதால், கொஞ்சம் பொறுமையாகவே அறிமுகம் செய்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது எல்லையில் இருக்கும் நிலையம். பெர்லின் மாநிலம் முடிந்து பிராண்டன்பூர்க் மாநிலம் தொடங்குவது இங்கேதான். கட்டண மண்டலம் மாறுவதும் இங்கேதான். 1961 முதல் 1989 வரை இரண்டு உலகங்கள் பிரிந்து நின்றதும் இதே இடத்தில்தான். டிக்கெட், விடுமுறை நாள், வீட்டுப் பதிவு என்று புதிதாக வருகிறவர்கள் இங்கே தடுமாறுகிற இடங்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்த எல்லைதான். அது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

முதல் வேலை: எந்த வளாகம் என்று பாருங்கள்

சேர்க்கைக் கடிதத்தில் "பொட்ஸ்டாம் பல்கலைக்கழகம்" என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பல வளாகங்கள். கணிதம், இயற்பியல், உயிரியல் போன்றவை ஊரின் மறுபக்கத்தில் கோல்ம் என்ற இடத்தில் இருக்கின்றன. தத்துவம், வரலாறு போன்ற துறைகள் நொயெஸ் பலாய் அரண்மனைக்கு எதிரே இருக்கின்றன. சட்டமும் பொருளாதாரமும் கிரீப்னிட்ஸேயில். அறை வாடகைக்குத் தேடும் முன்பே இதை உறுதி செய்துகொண்டால், தினமும் ஊரைக் குறுக்கே கடக்கிற அலைச்சல் மிச்சம்.

வளாகங்களுக்கு நடுவே ரயிலிலேயே போய்வரலாம். கோல்முக்கு அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. நொயெஸ் பலாய் வளாகத்துக்கு அருகில் இருப்பது பார்க் சான்சூசி நிலையம். கிரீப்னிட்ஸேயில் எஸ்-பான் (எஸ்7 போன்ற புறநகர் ரயில்) மட்டுமல்ல, சில வட்டார ரயில்களும் நிற்கின்றன. எந்த ரயில் எதுவரை போகிறது என்பது கால அட்டவணை மாறும்போது மாறும். அதனால் ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் டிபி நேவிகேட்டர் செயலியையோ, பெர்லின்–பிராண்டன்பூர்க் போக்குவரத்துக் கூட்டமைப்பான விபிபியின் செயலியையோ விமானம் ஏறும் முன்பே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வருவது

பெர்லின் விமான நிலையம் 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. அது நகரத்தின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிறது, கிரீப்னிட்ஸே தென்மேற்கு விளிம்பில். வருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நகரத்துக்குள் போய் எஸ்7 பிடிப்பது. இன்னொன்று, நகரத்துக்குள் நுழையாமல் தெற்கே சுற்றிக்கொண்டு பொட்ஸ்டாம் மத்திய நிலையத்துக்கு வரும் வட்டார ரயிலில் ஏறி, அங்கிருந்து எஸ்7-இல் இரண்டே நிறுத்தம் திரும்பி வருவது. பெட்டி படுக்கையோடு வருகிறவர்களுக்கு என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். கூட்டம் குறைவு, மாறுவதும் ஒரே தடவை. ஆனால் அந்த ரயில் அடிக்கடி வராது. நேரத்தைச் செயலியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெர்லின் மத்திய நிலையத்திலிருந்து எஸ்7-இல் நேராக வந்தால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அவசரம் என்றால் ஆர்இ1 என்ற வேக வட்டார ரயிலில் வான்ஸே வரை வந்து, அங்கே எஸ்7-க்கு மாறலாம். கவனிக்க வேண்டியது, ஆர்இ1 கிரீப்னிட்ஸேயில் நிற்காது. இந்த நிலையத்தின் வழியாகவே ஓடும், நடைமேடை ஜன்னலில் தெரியும், ஆனால் நிற்காமல் போய்விடும். அப்படிப் பொட்ஸ்டாம் வரை போய்விட்டால் பதற வேண்டாம். எஸ்7-இல் பாபெல்ஸ்பெர்க், அதற்கடுத்து கிரீப்னிட்ஸே. சில நிமிடங்களில் திரும்பிவிடலாம்.

டிக்கெட்: இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்

பெர்லின் கட்டணம் மூன்று மண்டலம். நடு நகரம் ஏ, அதைச் சுற்றி நகர எல்லை வரை பி, நகர எல்லைக்கு வெளியே சி. வான்ஸே பி மண்டலத்தின் கடைசி நிலையம். கிரீப்னிட்ஸே சி மண்டலம். இரண்டுக்கும் நடுவே ஓட்டம் ஐந்து நிமிடம் கூட இல்லை. பெர்லினில் எல்லோரும் வாங்கும் ஏபி டிக்கெட்டோடு வான்ஸேயில் இறங்காமல் உட்கார்ந்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி ஆகிவிடுகிறீர்கள்.

அபராதம் 60 யூரோ. "தெரியாது, புதிதாக வந்திருக்கிறேன், மாணவன்" என்ற விளக்கம் எதுவும் எடுபடாது. பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் இருப்பார்கள். ரயில் கிளம்பியதும் எழுந்து அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்பார்கள். அவர்களிடம் வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. கையில் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, எழுதித் தரும் சீட்டை வாங்கிக்கொண்டு பிறகு வங்கி வழியாகக் கட்டலாம்.

எனவே பெர்லின் நடுவிலிருந்து வந்தால் ஏபிசி டிக்கெட். வான்ஸே போல பி மண்டலத்துக்குள்ளிருந்து மட்டும் வந்தால் பிசி டிக்கெட் போதும், விலையும் குறைவு. ஏற்கெனவே ஏபி மாதச் சீசன் வைத்திருப்பவர்கள் சி பகுதிக்கு மட்டும் ஒரு நீட்டிப்பு டிக்கெட் வாங்கலாம். இயந்திரத்தில் 'அன்ஷ்லுஸ்' என்று தொடங்கும் பெயரில் இருக்கும். பொட்ஸ்டாமுக்குள் மட்டும் போய்வருவதற்கு அந்த நகரத்தின் சொந்த மண்டலக் கணக்கு தனியாக இருக்கிறது. பொட்ஸ்டாம் ஏபி டிக்கெட் கிரீப்னிட்ஸேயிலிருந்து பொட்ஸ்டாம் மத்திய நிலையம் வரை செல்லும், ஆனால் அதை வைத்துக்கொண்டு வான்ஸே பக்கம் ஒரு நிறுத்தம் கூடப் போக முடியாது. பெர்லின் ஏபியும் பொட்ஸ்டாம் ஏபியும் வேறு வேறு. இயந்திரத்தின் திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

இன்னொரு விஷயம், முத்திரை. இங்கே சென்னை மெட்ரோவில் இருப்பது போலத் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது. நடைமேடைக்கு யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். அதனால் இயந்திரத்தில் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட், டிக்கெட்டே இல்லாததற்குச் சமம். அதற்கும் அதே 60 யூரோதான். போன் செயலியில் வாங்கினால் முத்திரைக் கவலை இல்லை, ஆனால் ரயில் ஏறிய பின் வாங்கக் கூடாது. பெர்லின் கட்டணத்தில் ஒற்றைப் பயண டிக்கெட் 2 மணி நேரம் செல்லும். இடையில் இறங்கலாம், மாறலாம், ஆனால் திரும்பி வரும் பயணத்துக்கு அதே டிக்கெட் ஆகாது.

சரி, இந்த மண்டலக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2023 மே 1 முதல் ஜெர்மனி முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்திருக்கிறது. தொடக்கத்தில் மாதம் 49 யூரோ, 2025-இல் 58, 2026 ஜனவரி முதல் 63. எஸ்-பான், சுரங்க ரயில், டிராம், பேருந்து, வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. இது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் சந்தா. நிறுத்த வேண்டும் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். ஊருக்குப் போகும் மாதத்தில் இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

ஆனால் மாணவர்கள் அவசரப்பட்டு இதை வாங்காதீர்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பருவக் கட்டணத்தோடு பயண டிக்கெட்டும் சேர்ந்தே வருகிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அது உண்டா, எந்தத் தேதியிலிருந்து செல்லும், எங்கே வரை செல்லும் என்பதை மாணவர் பேரவையிடம் கேளுங்கள். பருவம் தொடங்கும் முன்பே வந்து இறங்கினால், இடைப்பட்ட நாட்களுக்கு மட்டும் தனியாக டிக்கெட் வேண்டியிருக்கும். சைக்கிளோடு ஏறுவதானால் அதற்கென்று தனி டிக்கெட். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் சைக்கிள் அடங்காது.

நடைமேடையில்

எஸ்-பானுக்கு ஒரு நடைமேடை, வட்டார ரயிலுக்கு வேறு நடைமேடை. பலகையில் கடைசி நிறுத்தத்தின் பெயர் ஓடும். பெர்லின் பக்கம் போகும் எஸ்7-க்கு ஆரென்ஸ்ஃபெல்டே என்று போட்டிருக்கும், அது பெர்லினின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் ஊர். எதிர்ப்பக்கம் போவதில் பொட்ஸ்டாம் ஹவுப்ட்பான்ஹோஃப், அதாவது பொட்ஸ்டாம் மத்திய நிலையம், என்று இருக்கும். பகலில் பெரும்பாலும் 10 நிமிடத்துக்கு ஒன்று, அதிகாலையிலும் பின்னிரவிலும் 20 நிமிடத்துக்கு ஒன்று.

கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள், பொத்தானை அழுத்த வேண்டும். மூடும் முன் "ட்ஸுரூக்பிளைபன் பிட்டே" (தள்ளி நில்லுங்கள்) என்று குரல் வரும், சிவப்பு விளக்கு மினுங்கும். அதற்குப் பிறகு ஓடி ஏறக் கூடாது.

இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: எந்தக் காரணத்துக்காகவும் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். பெர்லின் எஸ்-பானுக்கு மேலே கம்பி கிடையாது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டில் 750 வோல்ட் நேர்மின்சாரம் போகிறது. பக்கத்துத் தடத்தில் ஓடும் வட்டார ரயிலுக்கோ தலைக்கு மேல் 15,000 வோல்ட் கம்பி. தலைக்கு மேலே கம்பி பார்த்தே பழகிய நமக்கு, கீழே கால் பக்கத்தில் மின்சாரம் இருக்கும் என்பது தோன்றவே தோன்றாது. போன் விழுந்தால் விழுந்ததுதான். நடைமேடையில் இருக்கும் அவசர அழைப்புத் தூணின் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள், அவர்கள் ஆளை அனுப்புவார்கள். உயிர் ஆபத்து என்றால் 112, காவல் துறைக்கு 110.

குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால், போய்ச் சேரும் நிலையத்தில் மின்தூக்கி வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே செயலியில் பார்த்துவிடுங்கள். பழுதாக இருந்தால் அதில் காட்டும்.

ரயில் ஓடாத நாள்

இந்த வழித்தடம் சில இடங்களில் ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டி தாமதமானால் நீங்கள் ஏறிய வண்டியும் காத்து நிற்கும். இதனால் வான்ஸேக்கும் பொட்ஸ்டாமுக்கும் நடுவே எஸ்7 கொஞ்சம் தாமதமாவது சகஜம். தேர்வு, விசா நேர்காணல் போன்ற நாட்களில் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள்.

பராமரிப்பு வேலைக்காகத் தடத்தை மூடும் வார இறுதிகளும் வரும். அப்போது ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். செயலியிலும் பலகையிலும் எஸ்ஈவி என்ற மூன்றெழுத்து தெரிந்தால் அதுதான். அந்தப் பேருந்து நிலைய வாசலிலேயே நிற்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்துத் தெருவில் நிற்கலாம். வழிகாட்டும் பலகையைப் பின்தொடருங்கள். ரயிலுக்கு எடுத்த அதே டிக்கெட் இதிலும் செல்லும்.

இரவில் ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளி இரவும் சனி இரவும் எஸ்7 விடிய விடிய ஓடும், அரை மணிக்கு ஒன்று. மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகு ரயில் நின்றுவிடும், பேருந்துதான். பெர்லினில் நண்பர்களைப் பார்க்கப் போனால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையம் எப்படி வந்தது

அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷியாவின் முதல் ரயில் பாதை பெர்லினுக்கும் பொட்ஸ்டாமுக்கும் நடுவே 1838-இல் போடப்பட்டது. அந்தப் பாதை இங்கேயும் ஓடியது, ஆனால் அன்றைக்கு இங்கே நிறுத்தமில்லை, இறங்குவதற்கு ஆளுமில்லை. 1870-களில்தான் நிலைமை மாறியது. பெர்லின் கட்டடக் கலைஞர்களான ஹெர்மன் எண்டேயும் வில்ஹெல்ம் பொக்மானும் ஏரிக்கரையில் பணக்காரர்களுக்கான மாளிகைக் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 1874 ஜூன் 1-இல் செலண்டார்ஃபிலிருந்து வான்ஸே வழியாக வந்த புதிய பாதை இங்கே பழைய பாதையோடு இணைந்தது. அன்று திறந்த நிலையத்தின் பெயர் நொய்பாபெல்ஸ்பெர்க். வங்கியாளர்களும் தொழிலதிபர்களும் ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு காலையில் ரயிலேறிப் பெர்லினுக்கு வேலைக்குப் போனார்கள். ஆக, தொடக்கத்திலிருந்தே இது தினப் பயணிகளின் நிலையம்தான். 1928-இல் மின்சார ரயில் வந்ததும் பயணம் இன்னும் சுலபமானது.

நடந்து போகும் தூரத்தில் 1912 முதல் சினிமா ஸ்டூடியோ இயங்கிவந்தது. ஜெர்மன் சினிமாவின் இதயமாக அது வளர்ந்தபோது, 1938-இல் நிலையத்தின் பெயரையே பாபெல்ஸ்பெர்க்-ஊஃபாஷ்டாட் என்று மாற்றினார்கள். ஊஃபா என்பது நாஜி ஆட்சியின் கைக்குப் போயிருந்த அந்த சினிமா நிறுவனம். போர் முடிந்து, 1949-இல் அந்தப் பெயரை நீக்கி ஏரியின் பெயரை வைத்தார்கள்.

1945 ஏப்ரலில் டெல்டோ கால்வாய் மேல் இருந்த பாலம் தகர்க்கப்பட்டது. 1838-இன் அந்த முதல் பாதை இந்தப் பக்கத்தில் அத்தோடு முடிந்தது. அதை மறுபடி போடும் பேச்சு இன்றும் நடக்கிறது. அதே ஆண்டு ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 2 வரை பொட்ஸ்டாம் மாநாடு. கூட்டம் நடந்தது செசிலியன்ஹோஃப் அரண்மனையில். தலைவர்கள் தங்கியதோ இந்த ஏரிக்கரை மாளிகைகளில். ட்ரூமன், ஸ்டாலின், சர்ச்சில் மூவரும் இந்த நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி மேற்கு பெர்லினைச் சுற்றி எல்லையை மூடியது. எஸ்-பான் வான்ஸேயோடு நின்றது. கிரீப்னிட்ஸே கிழக்கு ஜெர்மனி பக்கம் விழுந்தது. ஏரியின் நடுவே எல்லைக்கோடு. கரையில் சுவரும், காவலர்கள் ரோந்து போகும் பாதையும். நிலையம் மட்டும் சாகவில்லை, அதன் வேலைதான் மாறியது. மேற்கு பெர்லினுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் நடுவே கிழக்கு ஜெர்மனியின் குறுக்கே ஓடிய தொலைதூர ரயில்கள் இங்கே நின்றன. எல்லைக் காவலர்கள் ஏறிக் கடவுச்சீட்டுகளைச் சோதித்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு இந்த நடைமேடை எட்டாத இடம். பொட்ஸ்டாம்வாசிகள் கிழக்கு பெர்லினுக்குப் போக வேண்டுமானால், மேற்கு பெர்லினைத் தொடாமல் சுற்றிப் போகும் வெளிவட்டப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். இன்று ஐந்து நிமிடத்துக்குள் வான்ஸேக்குப் போகிற நாம், 28 வருடம் அந்த ஒரு நிறுத்தம் யாருக்கும் கிடையாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுவர் விழுந்த பிறகு, 1992 ஏப்ரல் 1-இல் வான்ஸேயிலிருந்து பொட்ஸ்டாமுக்கு எஸ்-பான் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் பொட்ஸ்டாம் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டிருந்தது. அதன் கிரீப்னிட்ஸே வளாகத்தின் பெரிய கட்டடம் ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தின் தலைமையகமாகக் கட்டப்பட்டது. பிறகு கிழக்கு ஜெர்மனி அதில் தன் அரசு அதிகாரிகளுக்கான கல்விக்கழகத்தை நடத்தியது. எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஹாஸோ பிளாட்னரின் பெயரில் இன்ஸ்டிட்யூட் 1998-இல் தொடங்கியது. ஒரு காலத்தில் காவலர்களுக்கு மட்டுமான நடைமேடையில் இன்று காலை எட்டே முக்காலுக்குப் பல நாட்டு மாணவர்கள் இறங்குகிறார்கள். எனக்கு இந்த நிலையத்தின் மேல் இருக்கும் பிரியத்துக்குக் காரணம் அதுதான்.

இறங்கியதும் எந்தப் பக்கம்

தண்டவாளத்துக்குத் தெற்கே பல்கலைக்கழகம், வடக்கே ஏரி. வகுப்புக்குப் போகிறவர்கள் ஆகஸ்ட்-பேபல் தெருப் பக்கம் வெளியே வர வேண்டும். பல்கலைக்கழகக் கட்டடம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, பிளாட்னர் இன்ஸ்டிட்யூட் இன்னும் சில நிமிட நடை. வளாகத்தில் மாணவர் உணவகம் உண்டு. வெளியே சாப்பிடுவதைவிட மலிவு, சைவமும் கிடைக்கும்.

நிலையத்தைச் சுற்றி கடைத்தெரு என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். அரிசி பருப்பு மொத்தமாக வாங்குவதானால் பொட்ஸ்டாம் அல்லது பெர்லின்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதை முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் பால், ரொட்டி வாங்கிவிட வேண்டும். மறந்துவிட்டால் பெர்லின் மத்திய நிலையம் போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள் திறந்திருக்கும்.

மாநில எல்லை தரும் வேலைகள்

பெர்லினிலும் பிராண்டன்பூர்க்கிலும் விடுமுறை நாட்கள் ஒன்றல்ல. மார்ச் 8, மகளிர் தினம், பெர்லினில் விடுமுறை, பொட்ஸ்டாமில் வேலை நாள். அக்டோபர் 31, சீர்திருத்த நாள், பிராண்டன்பூர்க்கில் விடுமுறை, பெர்லினில் கடைகள் திறந்திருக்கும். பெர்லினில் குடியிருந்து கிரீப்னிட்ஸேயில் படிப்பவர்கள் மார்ச் 8 அன்று வீட்டில் தூங்கிவிடாமல் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் முகவரிப் பதிவு. வீடு கிடைத்துக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நிர்வாகத்தில் பதிய வேண்டும். அது இல்லாமல் வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் இழுபடும். எங்கே பதிவது என்பதை முடிவு செய்வது நீங்கள் படிக்கும் இடமல்ல, குடியிருக்கும் இடம். பொட்ஸ்டாமில் குடியிருந்தால் பொட்ஸ்டாம் நகராட்சி. வான்ஸேயிலோ ஸ்டெக்லிட்ஸிலோ குடியிருந்தால் பெர்லின் குடிமக்கள் அலுவலகம். தங்கும் அனுமதியை நீட்டிப்பதும் அப்படியே: பெர்லின்வாசிகளுக்கு அந்த மாநிலத்தின் குடியேற்ற அலுவலகம், பொட்ஸ்டாம்வாசிகளுக்குப் பொட்ஸ்டாமின் வெளிநாட்டவர் அலுவலகம். பருவத்தின் நடுவில் மாநில எல்லையைத் தாண்டி வீடு மாற்றினால் உங்கள் கோப்பும் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். விசா முடியும் தேதி நெருங்கும் சமயத்தில் எல்லை தாண்டி வீடு மாற்றாமல் இருப்பது நல்லது.

ஓய்வு கிடைத்தால் ஒரு நடை

வகுப்பு இல்லாத ஒரு மத்தியானம் வடக்கு வாசல் பக்கம் இறங்குங்கள். கார்ல்-மார்க்ஸ் தெருவில் 2-ஆம் எண் ட்ரூமன் தங்கிய வீடு, இப்போது ஃப்ரீட்ரிஷ் நவ்மான் அறக்கட்டளை இருக்கிறது. அணுகுண்டு பற்றிய முடிவுகள் எடுக்கப்பட்ட அந்த ஜூலை நாட்களில் அவர் இருந்தது இங்கேதான். அதனால் அதன் எதிரே உள்ள இடத்துக்கு ஹிரோஷிமாவின் பெயரை வைத்து நினைவுக்கல் அமைத்திருக்கிறார்கள். அதே தெருவில் 27-ஆம் எண் வீட்டில் ஸ்டாலின். சர்ச்சில் தங்கியது வீர்ஷோ தெருவில், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹே இளம் வயதில் வடிவமைத்த வீட்டில். இவை எதுவும் அருங்காட்சியகம் அல்ல. தெருவில் நின்று பார்க்கலாம், உள்ளே போக முயல வேண்டாம்.

ஏரிக்கரைப் பாதை பற்றி ஓர் எச்சரிக்கை. காவலர்கள் ரோந்து போன பாதை 1990-க்குப் பிறகு எல்லோரும் நடக்கும் பாதையாக இருந்தது. 2009-இல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், கரையோரச் சொத்துக்காரர்கள் தங்கள் பகுதிகளை அடைத்துவிட்டார்கள். போன் வரைபடத்தில் கரையோரமாக ஒரு கோடு தெரிந்தாலும் வழியில் வேலி வரும். வேலி வந்தால் தெருவுக்குத் திரும்பிவிடுங்கள், அது தனியார் இடம். சுவரின் சில துண்டுகளை ஷ்டூபன்ரவுக் தெருப் பக்கம் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் தெற்கே ஷ்டைன்ஷ்டுக்கன் வரை போகலாம். கிழக்கு ஜெர்மனியால் சூழப்பட்டு, மேற்கு பெர்லினுக்குச் சொந்தமாக இருந்த சின்ன ஊர் அது. 1972-இல் இணைப்புச் சாலை கிடைக்கும் வரை அமெரிக்க ராணுவம் ஹெலிகாப்டரில்தான் அங்கே இறங்கியது. அந்த ஹெலிகாப்டர்களின் நினைவாக இறக்கைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஷ்டைன்ஷ்டுக்கன் இன்றும் பெர்லின் மாநிலம்தான். நகரப் பேருந்தில் திரும்புவதானால் ஏறும் முன் டிக்கெட்டில் எந்த ஊர், எந்த மண்டலம் என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.